கரண்ட் போன பிறகு ஸ்மார்ட் வீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வடகிழக்குப் பருவமழை நெருங்குவதால், இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மின்தடையைப் பற்றியே பேசுகின்றன. வீட்டில் கேமரா, ஸ்மார்ட் பூட்டு, கைப்பேசியில் இயங்கும் விளக்கு என்று வாங்கி வைத்தவர்கள், கரண்ட் இல்லாத நேரத்தில் அவை என்னவாகும் என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மன்னார்குடியில் என் பெற்றோர் தனியாக இருக்கிறார்கள். கூடத்தில் ஒரு கேமரா வைத்து, இங்கிருந்தே கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும், கரண்ட் போனால் கேமரா நின்றுவிடுகிறது. காரணம் என்ன? இன்னும் பெரிய பேட்டரி வாங்க வேண்டுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பெரிய பேட்டரி வாங்குவதற்கு முன்னால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தொலைக்காட்சிக்குப் பின்னால் இருக்கும் பிளக் பாயிண்டைப் பாருங்கள். நம் வீடுகளில் இன்வெர்ட்டருக்கு லைன் இழுக்கும் எலக்ட்ரீஷியன்கள் பெரும்பாலும் விளக்கையும் மின்விசிறியையும் மட்டுமே அதில் சேர்ப்பார்கள். பிளக் பாயிண்டுகளைச் சேர்த்தால் யாராவது இஸ்திரிப் பெட்டியைச் செருகிவிடுவார்கள் என்ற நியாயமான அச்சம்தான் காரணம். கேமராவுக்கு இணையம் தரும் ரூட்டர் அப்படி விடுபட்ட பிளக் ஒன்றில் இருக்கக்கூடும். மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும்போதே கேமரா நின்றுபோவது அதனால்தான். ஃபைபர் இணைப்பாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல வீடுகளில் கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டி வேறு, வைஃபை ரூட்டர் வேறு. இரண்டுக்கும் தனித்தனி அடாப்டர் இருக்கும். ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துவிட்டு, வைஃபை குறி முழுதாகத் தெரிந்தும் இணையம் வரவில்லையே என்று குழம்புபவர்கள் ஏராளம்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த ஒரு பிளக்கை மட்டும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றலாம். அல்லது ரூட்டருக்கென்றே விற்கும் சிறிய டி.சி. யு.பி.எஸ். ஒன்றை, அதாவது கரண்ட் போனாலும் தன் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் பெட்டியை, இடையில் வைக்கலாம். இரண்டாவது வழியில் செல்வதானால், அடாப்டரின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை முதலில் படியுங்கள்: பெரும்பாலான ரூட்டர்கள் 12 வோல்ட்டில் 1 முதல் 2 ஆம்பியர் கேட்பவை, சில 9 அல்லது 5 வோல்ட்டில் இயங்குபவை. வோல்ட் மாறினால் ரூட்டர் பழுதாகலாம். யு.பி.எஸ். பெட்டியில் 10,000 மில்லி ஆம்பியர் ஹவர் என்று போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அந்த அளவு உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் லித்தியம் செல்களுக்கானது; கணக்கிட்டால் 37 வாட் ஹவர்தான் (ஒரு வாட் எடுக்கும் சாதனத்தை 37 மணி நேரம் ஓட்டும் அளவு) வரும். வழியில் வீணாவது போக, 8 வாட் எடுக்கும் ரூட்டரை அது மூன்றரை மணி நேரம் தாங்கினாலே நல்ல பொருள் என்று சொல்லலாம்.

இனி உங்கள் இன்வெர்ட்டர் பேட்டரி. 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் என்றால் காகிதக் கணக்கில் 1,800 வாட் ஹவர். இன்வெர்ட்டர் தானே தின்னும் பங்கையும், பேட்டரியை அடிமட்டம்வரை வடிக்கக் கூடாது என்பதையும் கழித்தால், கைக்கு வருவது ஏறத்தாழ 1,150 வாட் ஹவர். பழைய வகை மின்விசிறி ஒன்று 75 வாட் எடுக்கும். அப்படி இரண்டும், 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கும், ரூட்டரும் கேமராவும் சேர்ந்தால் 200 வாட். ஆறு மணி நேரம்கூடத் தாங்காது. அந்த இரண்டு மின்விசிறிகளையும் 30 வாட் அளவில் இயங்கும் பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய வகை மோட்டார்) விசிறிகளாக மாற்றினால், அதே பேட்டரி ஏறத்தாழ பத்து மணி நேரம் தாங்கும். ஆகவே பெரிய பேட்டரிக்கு ஒதுக்கும் பணத்தை மின்விசிறிக்குச் செலவழியுங்கள் என்பதே என் பரிந்துரை. கரண்ட் இருக்கும் நாட்களிலும் அது மின்கட்டணத்தைக் குறைத்துக் கொடுக்கும்.

கோவையில் இருந்துகொண்டு மன்னார்குடியில் கரண்ட் போனதை அறிய ஓர் எளிய வழி உண்டு. கைப்பேசிச் செயலியால் இயக்கும் ஸ்மார்ட் பிளக் ஒன்றை, இன்வெர்ட்டர் லைனில் சேராத ஒரு பாயிண்டில், எந்தச் சாதனத்தையும் செருகாமல் மாட்டி வையுங்கள். செயலியில் அந்த பிளக் மட்டும் தொடர்பற்றுப் போய், கேமரா தொடர்ந்து படம் காட்டினால், கரண்ட் போயிருக்கிறது, பேட்டரி ஓடுகிறது என்று பொருள். இரண்டும் சேர்ந்து மறைந்தால் இணையம் அறுந்திருக்க வேண்டும் அல்லது பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும். அப்போது தாமதிக்காமல் தொலைபேசியில் அழையுங்கள்.

இவையெல்லாம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்திப் பிற்பகலில் கொடுக்கும் மின்தடைக்குப் போதும். புயலுக்குப் போதாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா, டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்களைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை என்பது உங்கள் பெற்றோருக்கே நினைவிருக்கும். அத்தகைய நாட்களில் கைப்பேசிக் கோபுரங்களின் பேட்டரியும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடுவதால், வீட்டுக்குள் எத்தனை யு.பி.எஸ். இருந்தாலும் படம் வெளியே வராது. அதே தெருவில் இருக்கும் ஒருவரிடம், தொடர்பு அறுந்தால் நேரில் போய்ப் பார்த்துச் சொல்லும்படி இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்மார்ட் பூட்டு போட்ட கதவு, கரண்ட் போனால் திறக்காதா?
– வாசகர், மேடவாக்கம்

திறக்கும். வீட்டுக் கதவில் பொருத்தும் ஸ்மார்ட் பூட்டுகள் வீட்டு மின்சாரத்தை நம்பி இருப்பவை அல்ல; உட்பக்கம் இருக்கும் மூடியைக் கழற்றினால் பெரும்பாலும் நான்கோ எட்டோ சிறிய ஏ.ஏ. பேட்டரிகள் தெரியும். விரல்ரேகையும் எண்களும் அவற்றிலேயே இயங்கும். அந்த பேட்டரிகள் தீர்ந்துபோவதுதான் உண்மையான ஆபத்து, அதற்கும் கரண்ட்டுக்கும் தொடர்பில்லை. பல பூட்டுகளில் வெளிப்புறத்தின் அடியில் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் இருக்கும். அவற்றின்மேல் 9 வோல்ட் பேட்டரியை அழுத்திப் பிடித்துக்கொண்டு எண்ணை அழுத்தினால் பூட்டு உயிர்பெறும். புதியவற்றில் பவர் பேங்க்கை இணைக்கும் துளை இருக்கிறது. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் இதை ஒரு தடவை செய்து பழகியிருக்க வேண்டும். கூடவே வரும் சாதாரணச் சாவியை வீட்டுக்குள் பீரோவில் வைத்துவிட்டு வெளியே நிற்பதில் பயனில்லை என்பதால், நம்பிக்கையான உறவினரிடம் ஒன்றைக் கொடுத்து வையுங்கள்.

அடுக்ககத்தின் பொது நுழைவாயிலில் இருக்கும் காந்தப் பூட்டு வேறு வகை. மின்சாரம் நின்றால் அதன் பிடி விட்டுப்போகும். தீ விபத்தில் மக்கள் உள்ளே சிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். அதற்குரிய பேட்டரியின் நிலையைக் குடியிருப்போர் சங்கத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். நல்ல வெயிலிலும் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறது. நிறுவியவர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், திருநெல்வேலி

ஏமாற்றவில்லை, ஆனால் விற்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் பெற்றுப் பலரும் போட்டிருப்பது, மின்வாரியக் கம்பியோடு இணைந்து இயங்கும் ஆன்-கிரிட் அமைப்பு. கம்பியில் மின்சாரம் இல்லையென்று அறிந்ததும் அதன் இன்வெர்ட்டர் தானாக நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் உங்கள் மாடியில் உற்பத்தியாகும் மின்சாரம் தெருக் கம்பிக்குள் பாயும். லைன் அணைந்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிர் போய்விடும். மின்தடையிலும் சோலார் பயன்பட வேண்டுமென்றால், பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் தேவை. அது தெருக் கம்பியிலிருந்து வீட்டைத் துண்டித்துவிட்டு உள்ளுக்குள் மட்டும் மின்சாரம் கொடுக்கும்.

இதே காரணத்துக்காக இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரின் வயரை வீட்டு பிளக் பாயிண்டில் செருகி, வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுப்பதைச் சில இடங்களில் பார்க்க முடிகிறது. தெருக் கம்பியிலிருந்து வீட்டைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் அப்படிச் செய்வது கொலைக்குச் சமம்.

அம்மாவுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஓடுகிறது. மருத்துவர் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று சொல்லியிருக்கிறார். இன்வெர்ட்டரை நம்பலாமா? ஸ்மார்ட் பிளக்கில் மாட்டினால் அலுவலகத்திலிருந்து கவனிக்க முடியுமா?
– வாசகி, மதுரை

ஸ்மார்ட் பிளக்கில் மாட்டாதீர்கள் அம்மா. கைப்பேசியில் ஒரு விரல் தவறிப் பட்டாலும், பழைய நேர அட்டவணை ஒன்று செயலியில் அழிக்கப்படாமல் இருந்தாலும் இயந்திரம் நின்றுவிடும். உயிர் சார்ந்த சாதனத்துக்கும் சுவரில் உள்ள பிளக்குக்கும் இடையில் வேறெதுவும் வேண்டாம். கவனிக்க வேண்டுமென்றால், இயந்திரத்தின் முன்பக்க விளக்கும் ஓட்ட அளவுகோலும் தெரியும்படி ஒரு கேமராவைத் திருப்பி வைப்பதே பாதுகாப்பானது. மின்சாரம் நின்றால், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் அந்த கான்சென்ட்ரேட்டரே ஒலி எழுப்ப வேண்டும். சில இயந்திரங்களில் அந்த ஒலிக்குத் தனியாகச் சிறிய பேட்டரி இருக்கும் என்பதால், மாற்று ஆக்சிஜன் தயாராக இருக்கும்போது சுவிட்சை ஒரு கணம் அணைத்து, ஒலி வருகிறதா என்று பாருங்கள்.

நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரும் வகை கான்சென்ட்ரேட்டர் ஏறத்தாழ 350 வாட் எடுக்கும்; உள்ளே கம்ப்ரெஸர் இருப்பதால் தொடங்கும் கணத்தில் இன்னும் அதிகமாக இழுக்கும். ஆகவே மின்வாரிய மின்சாரத்தைப் போலச் சீரான அலையைத் தரும் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும், சதுர அலை வகை ஆகாது. முதல் கேள்விக்குச் சொன்ன 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி, வேறு எதையும் ஓட்டாமல் இருந்தால், இதை மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். பேட்டரி பழையதாக இருந்தால் அதுவும் இல்லை. எனவே இன்வெர்ட்டர் முதல் அரண் மட்டுமே. நிரப்பிய ஆக்சிஜன் உருளை ஒன்று ரெகுலேட்டரோடு அறையிலேயே இருக்க வேண்டும். பி வகை உருளையில் ஏறத்தாழ 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டு மணி நேரம் வரும். உருளைக்கு மாற்றும் முறையை நீங்கள் மட்டும் அறிந்திருந்தால் போதாது. பகலில் அம்மாவோடு இருப்பவர் உங்கள் கண் முன்னால் செய்து காட்ட வேண்டும். பூஜை விளக்கும் அடுப்பும் அந்த அறைக்குப் பக்கத்தில் கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் புகார் எண் 94987 94987, ஆம்புலன்ஸ் 108 ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

தரைத்தளத்தில் இருக்கிறோம். மிக்ஜாம் புயலின்போது இன்வெர்ட்டர் பேட்டரி நீரில் மூழ்கிவிட்டது. புதிதாக லித்தியம் பேட்டரி வாங்கலாமா?
– வாசகர், முடிச்சூர்

உங்கள் நிலைக்கு லித்தியம் பொருத்தமானது என்றே கருதுகிறேன், நீண்ட நாள் உழைக்கும் என்பது மட்டும் அதற்குக் காரணமில்லை. இன்வெர்ட்டர்களில் வழக்கமாக இருக்கும் 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் (ஈய-அமில) பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் எடை. கந்தக அமிலம் நிறைந்தது. வெள்ள எச்சரிக்கை வந்த இரவில் அதைத் தூக்கி மேலே வைக்க ஒருவரால் இயலாது. 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியோ பதினைந்து கிலோவுக்குள் அடங்கும், பயனில் ஏறத்தாழ அதற்கு நிகராக உழைக்கும், சுவரில் நெஞ்சு உயரத்துக்கு மேல் பொருத்தலாம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையும் இல்லை. ஆனால் பழைய இன்வெர்ட்டரோடு அப்படியே இணைக்க முடியாது. அதில் லித்தியத்துக்கான தனி சார்ஜ் அமைப்பு உண்டா என்று பார்க்க வேண்டும், இல்லையெனில் இன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ரூட்டரும், சுவிட்ச் போர்டுக்குள் இருக்கும் ஸ்மார்ட் மாட்யூல்களும் மேலே ஏற வேண்டும். வீட்டுக்குள் தண்ணீர் வரத் தொடங்கினால் மெயின் சுவிட்சை அணைப்பதோடு நின்றுவிடாதீர்கள்: மெயினை அணைத்த மறுகணமே இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு அதே வயர்களில் 230 வோல்ட்டைக் கொடுக்கும். கால் நனையும் முன்பே அதையும் அணையுங்கள். நீர் வடிந்த பிறகு எலக்ட்ரீஷியன் சோதிக்காமல் இரண்டையும் போடக் கூடாது.

நள்ளிரவில் கரண்ட் திரும்பி வரும்போது ஸ்மார்ட் விளக்குகள் எல்லாம் தாமாக எரிகின்றன. தடுக்க முடியுமா?
– வாசகி, ஈரோடு

முடியும். மின்சாரம் திரும்பும்போது எரிய வேண்டுமா, அணைந்திருக்க வேண்டுமா, முன்பிருந்த நிலைக்கே போக வேண்டுமா என்ற தேர்வு அநேகமாக எல்லாச் செயலிகளிலும் ஒவ்வொரு சாதனத்தின் அமைப்புகளுக்குள்ளும் இருக்கிறது. விளக்குகளுக்கு முன்பிருந்த நிலை சரி. கீசருக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் கட்டாயம் அணைந்திருக்கும் நிலையையே தேர்ந்தெடுங்கள். தண்ணீர் எடுக்கும் கீழ்த்தொட்டியில் தண்ணீர் இல்லாத நேரத்தில் மோட்டார் தானாக ஓடத் தொடங்கினால் அதன் கம்பிச்சுருள் எரிந்துவிடலாம். கீசரை 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் மட்டுமே மாட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். 6 அல்லது 10 ஆம்பியர் பிளக் அந்தச் சுமையில் சூடேறி உருகக்கூடும்.