ஓரத்தில் வெட்டுப்பட்ட ஒளி

கேள்வி: ஹீலியம்-நியான் லேசருக்கான லென்ஸ் அமைப்பைக் கணினியில் வடிவமைக்கிறேன். அப்போடைசேஷனை (லென்ஸின் மையத்திலிருந்து ஓரம்வரை ஒளி எப்படிக் குறைகிறது என்ற அமைப்பை) காஸியன், அதாவது மணி வடிவம், என்று தேர்ந்தெடுத்து, எவ்வளவு வேகமாகக் குறையவேண்டும் என்பதற்கான காரணியாக 1 கொடுத்தேன். குவியத்தில் புள்ளியைச் சுற்றி வளையமே இருக்காது என்று படித்திருக்கிறேன், மங்கலாக வளையங்கள் வருகின்றனவே?

- முதுநிலை இயற்பியல் மாணவி, திருச்சி

பதில்: மென்பொருள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. காரணி 1 என்றால், லென்ஸின் ஓரத்திலும் மைய ஒளிச்செறிவில் 13.5 சதவீதம் மிச்சமிருக்கிறது. மணி வடிவில் மெல்லச் சரிந்துகொண்டிருந்த ஒளியை அங்கே கத்தரித்துவிட்டீர்கள். அப்படி வெட்டுப்பட்ட ஒளி ஓரத்தில் வளைந்து பரவுவதை நம் பாடநூல்கள் 'விளிம்பு விளைவு' (diffraction) என்கின்றன. வளையம் விளிம்பில்தான் பிறக்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது!

உங்களைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், 4 மில்லிமீட்டர் ஆரமுள்ள கற்றைக்கு (செறிவு 13.5 சதவீதமாகக் குறையும் இடம்வரை அளந்த ஆரம்) அலமாரியில் கிடைத்த 12.7 மில்லிமீட்டர் விட்ட லென்ஸை மாட்டினேன். ஒளியின் மொத்தத் திறனை அளக்கும் திறன்மானி 99 சதவீத ஒளி வெளியே வருவதாகக் காட்டியது. ஆனால் லென்ஸுக்குப் பின்னால் வெள்ளை அட்டையை நகர்த்தினால், கற்றையின் நடுப்பகுதி ஓரிடத்தில் பளிச்சென்றும் அடுத்த இடத்தில் மங்கியும் தெரிந்தது. தூசி என்று நினைத்து மூன்று நாள் லென்ஸைத் துடைத்தேன். பாவம், அந்த லென்ஸ்.

அந்த ஓரத்தில் செறிவு வெறும் 0.65 சதவீதம்தான். ஆனால் அலைகள் கூடுவதும் கழிவதும் செறிவில் அல்ல, அலைவீச்சில் (அலையின் உயரத்தில்); அதன் வர்க்கம்தான் செறிவு. 0.65 சதவீதத்தின் வர்க்கமூலம் எடுத்தால் 8 சதவீதம். மைய அலையோடு அது கூடினால் 1.08-இன் வர்க்கம், கழிந்தால் 0.92-இன் வர்க்கம். அதாவது 17 சதவீதம் ஏற்றம், 15 சதவீதம் இறக்கம். திறன்மானிக்கு இது எப்படித் தெரியும்?

லென்ஸின் விட்டம் கற்றை ஆரத்தைப்போல் 4.6 மடங்கு இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் 1 சதவீதத்துக்கு வந்துவிடும். எனக்கு 18.4 மில்லிமீட்டர் தேவைப்பட்டது, 25.4 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டியதும் தொல்லை தீர்ந்தது. நீங்கள் காரணியை 4 ஆக்கிப் பாருங்கள். ஓரச் செறிவு 0.03 சதவீதத்துக்கு இறங்கும், வளையம் கண்ணில் படாது. ஆனால் அதே லென்ஸில் மெலிந்த கற்றையை விடுவதால் குவியப் புள்ளி பெரிதாகும். சின்னப் புள்ளியும் வேண்டும், வளையமும் கூடாது என்றால் பெரிய லென்ஸ்தான் வாங்கவேண்டும்.

கேள்வி: லேசர் விரியாது என்கிறார்களே? கல்லூரித் தாழ்வாரத்தில் 10 மீட்டர் தள்ளி எங்கள் சிவப்புப் புள்ளி 8 மில்லிமீட்டர் இருக்கிறது. லேசர் பழுதா?

பதில்: புறப்படும்போது விட்டம் 1 மில்லிமீட்டர் என்றால், 8 சரியான அளவுதான். கற்றை மெலிய மெலிய வேகமாக விரியும். இரண்டு லென்ஸ் வைத்து முதலிலேயே 5 மில்லிமீட்டராக்கி இணைக்கற்றையாக அனுப்புங்கள். அதே சுவரில் 5.3-ஐத் தாண்டாது.