ஆஷ்விட்ஸ்: ஆங்கில வழிகாட்டிக் குழுவில் இடம் இல்லை என்றால்

போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் வதைமுகாம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அதைச் சுற்றிக் காட்டும் ஆங்கிலக் குழுவில் இடம் கிடைக்கவில்லை என்பதற்காக, பக்கத்து நகரமான கிராக்கோவுக்குப் போகும் பயணத்தை மாற்றாதீர்கள். வழிகாட்டி இல்லாமல் தனியாகப் பார்க்கவும் அனுமதிச் சீட்டு உண்டு, இலவசம். அந்தச் சீட்டுக்கே ஒரு தளம் பணம் கேட்டது என்றால் நீங்கள் பார்த்தது இடைத்தரகர் தளமாக இருக்கும். அருங்காட்சியகத்தின் சொந்த முன்பதிவுப் பக்கத்தில் பிற்பகல் நேரங்களைத் தேடுங்கள்.

அப்புறம், சுற்றிப் பார்க்க இரண்டு மணி நேரம் போதாது. மூன்றரையாவது வையுங்கள். ஆஷ்விட்ஸின் இன்னொரு பகுதியான பிர்கெனாவ் முகாம், முதன்மை முகாமிலிருந்து சுமார் 3 கி.மீ. தள்ளி இருக்கிறது, இலவசப் பேருந்து ஓடும். பலர் அதை அவசரமாகச் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பெரும்பாலான கொலைகள் நடந்ததே அங்கேதான்.

சீட்டில் இனிஷியல் போடாமல் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் கொடுங்கள், நுழைவாயிலில் சரிபார்ப்பார்கள். கைதிகளின் தலைமுடி இருக்கும் அறையில் படம் எடுக்கக் கூடாது.