மாதிரியைப் பார்த்து எழுதுவது – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் எழுத்துப் பயிற்சியை வகைமை வழியாக நடத்துகிறார்கள். ஆய்வுக்கட்டுரை முன்னுரை, மதிப்புரை, அறிக்கை, விண்ணப்பம் என்று ஒவ்வொன்றுக்கும் நாலைந்து மாதிரிகளைக் கொடுத்து, எந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்டுகிறார்கள். பிறகு வகுப்பே சேர்ந்து ஒன்றை எழுதுகிறோம், அப்புறம் அவரவர் தனியாக. பாதிப் பேருக்கு இது பிடித்திருக்கிறது, வெற்றுத்தாளைக் கண்டால் வரும் பயம் போய்விட்டது என்கிறார்கள். மீதிப் பேர் எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்கிறார்கள் என்கிறார்கள். நான் மாறி மாறி இரண்டு பக்கமும் நிற்கிறேன். என் முன்னுரையைப் படித்த தோழி, "இதை நம்ம வகுப்பில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்" என்றாள். அன்றிலிருந்து ஒரு வரியும் ஓடவில்லை. இப்படியே பழகினால் எனக்கென்று ஒரு நடை வராமலே போய்விடுமா? இயந்திரமே இதையெல்லாம் எழுதித் தரும்போது இதைக் கற்று என்ன பயன்? இதுபற்றி நல்ல புத்தகம் ஏதாவது உண்டா? முன்னுரையை இணைத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்,

புத்தகம் வேண்டாம். எழுதுவதைத் தள்ளிப்போட நினைப்பவர்கள்தான் எழுதுவது எப்படி என்று புத்தகம் கேட்பார்கள், நானும் கேட்டிருக்கிறேன். இயந்திரம் எழுதித் தருவது சரியா என்று பார்க்கவாவது உங்களுக்கு எழுதத் தெரிந்திருக்க வேண்டும், அந்தக் கேள்விக்கு இது போதும். தோழி சொன்னதற்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் பிள்ளைத்தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். உங்கள் வகுப்பில் பாதிப் பேர் பயப்படுகிற அச்சைவிட ஆயிரம் மடங்கு இறுக்கமான அச்சு அது. பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாட்டு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று வரிசைகூடக் கட்டியாயிற்று, கடைசி மூன்று மட்டும் ஆண்பால், பெண்பாலுக்கு மாறும். அதிலும் அம்புலிப் பருவத்தில் நிலாவைக் குழந்தையோடு விளையாடக் கூப்பிட வேண்டும், அதற்கும் வழி நான்குதான்: நீயும் குழந்தையும் ஒரே மாதிரி என்று இதமாகச் சொல்வது, இல்லை, நீ தேய்கிறவன், களங்கம் உள்ளவன், குழந்தை அப்படியல்ல என்று பிரித்துக் காட்டுவது, வந்தால் இன்னது கிடைக்கும் என்பது, வராவிட்டால் நடப்பதே வேறு என்று மிரட்டுவது. சாமம், பேதம், தானம், தண்டம். இவ்வளவு தெளிவாகப் படி போட்டுக் கொடுத்தும் 'பிள்ளைக்கவிக்கு அம்புலி புலி' என்றுதான் புலவர்கள் சொன்னார்கள். ஏன் புலி? அடுத்து என்ன வரப்போகிறது என்று கேட்பவருக்கு முன்பே தெரியும். அவர் காத்திருப்பது நீ அதை எப்படிச் செய்கிறாய் என்பதற்கு மட்டும்தான். அங்கே ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

ஆய்வுக்கட்டுரை முன்னுரைக்கு உங்கள் ஆசிரியர் கொடுத்த மூன்று நகர்வுகளும், களத்தைக் காட்டு, அதில் இருக்கும் இடைவெளியைக் காட்டு, அந்த இடைவெளியில் நீ என்ன செய்யப்போகிறாய் என்று சொல், ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளரிடமிருந்து வருபவை. அவர் அறையில் உட்கார்ந்து விதி எழுதியவரல்ல. 1981இல் 48 ஆய்வுக்கட்டுரைகளின் முன்னுரைகளை எடுத்துவைத்துக்கொண்டு, இவர்கள் நிஜமாக என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்தார். முதலில் நான்கு நகர்வு என்றார், 1990இல் மூன்றாகத் திருத்திக்கொண்டார். திருத்திக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். அது சட்டமாக இருந்திருந்தால் திருத்தியிருக்க மாட்டார். எதற்காக இதைப் படிக்கிறேன், ஏற்கெனவே தெரிந்ததுதானே, இவர் புதிதாக என்ன சொல்கிறார் என்று அவசரத்தில் இருக்கிற ஒரு வாசகர் கேட்கிறார், எழுதுபவர் பதில் சொல்கிறார். அந்தப் பதில்களின் தழும்புதான் அந்த மூன்று நகர்வும்.

இதை நான் எழுத்துப் பட்டறைகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். மாதிரி பார்த்து எழுதுவது பிடிக்கவில்லை என்கிற மாணவரிடம், "சரி, இதை யார் படிப்பார்கள்?" என்று கேட்டால், "சார்தான்" என்பார். அவ்வளவுதான் விஷயம். கட்டங்களைக் காட்டிவிட்டார்கள், வாசகரைக் காட்டவில்லை. சாருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும், மதிப்பெண் போடுவதற்காக மட்டும் படிக்கிறார், அவருக்கு எதையும் சொல்லவேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. அப்படியானால் வகைமை வெறும் படிவம்தான், வெறுக்கத்தான் தோன்றும். ஒரு வகைமையைச் சொல்லித் தந்தே கற்பிக்க முடியுமா, அதற்குள் புழங்கித்தானே வரும் என்று 1993இலேயே அவிவா ஃப்ரீட்மன் என்ற எழுத்துக் கல்வி ஆய்வாளர் கேட்டார். அந்தச் சந்தேகத்தில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

மறுபாதியை ஏன் ஏற்கவில்லை என்றால், 'அச்சு வேண்டாம், சுதந்திரமாக எழுதவிடுங்கள்' என்று சொல்பவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் வீட்டில் புத்தகங்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள். அச்சு அவர்களுக்குள் எப்போதோ இறங்கிவிட்டது, இறங்கியது தெரியாது, அவ்வளவுதான். 1980களில் சிட்னியில் ஜே.ஆர். மார்ட்டின், ஜோன் ராதரி போன்ற மொழி ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகள் எழுதியதைத் திரட்டிப் பார்த்தபோது நடந்ததைச் சொல்வதும் கதையும்தான் நிறைய இருந்தன, விளக்கமும் வாதமும் அபூர்வம். தானாக வரும் என்று விட்டால் யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதுதான் அவர்கள் கேள்வி. உங்கள் வகுப்பில் சேர்ந்து எழுதுகிறீர்களே, அந்த நடுப்படி அங்கிருந்து வந்ததுதான். நேரம் பிடிக்கும் என்று பலர் முதலில் வெட்டுவது அதைத்தான். உங்கள் ஆசிரியர் வெட்டவில்லை. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நானும் அச்சை வெறுத்தவன்தான். பத்தொன்பது வயதில் நண்பனின் அப்பா இறந்துபோனார். துக்கம் விசாரித்து எழுத வேண்டும். 'செய்தி அறிந்து வருந்தினேன்' என்று தொடங்குவது எனக்குக் கேவலமாகப் பட்டது. மரணத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். நல்ல உரைநடை, இன்றும் சொல்வேன். பதில் வரவில்லை. பல வருடம் கழித்து அவன் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய பெட்டியை எடுத்து, அந்த நாட்களில் வந்த கடிதங்களைக் காட்டினான். அவன் மாமா ஒருவருடையது நாலே வரி. செய்தி அறிந்து வருந்தினேன், அவர் பெயர், 'எனக்கு சைக்கிள் விடச் சொல்லிக் கொடுத்தவர்', எது வேண்டுமானாலும் எழுது. அந்தத் தாள் மடிப்பில் கிழிந்து ஒட்டப்பட்டிருந்தது. என்னுடையதும் அடியில் இருந்தது, புதுசாக. "உன் கடிதத்தில் அப்பா பேரே இல்லடா" என்றான், கோபமில்லாமல். அந்த வகைமையில் பெயருக்கு ஓர் இடம் இருக்கிறது, ஒரு நினைவுக்கு ஓர் இடம் இருக்கிறது, எழுதுகிறவனின் உரைநடைக்கு இடமே இல்லை. நான் அச்சை உடைக்கவில்லை. அது எதற்காக இருக்கிறது என்று கேட்கவே இல்லை.

சரி, உங்கள் முன்னுரை. தாளில் வாசிப்பதும் திரையில் வாசிப்பதும் பற்றியது. மூன்றாம் பத்தியில் 'இது குறித்துப் போதிய ஆய்வுகள் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். எம், இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வந்தது. 2018இல் வந்த ஒரே ஒரு தொகுப்பாய்வு மட்டும் 54 ஆய்வுகளை எடுத்துவைத்துக்கொண்டு பேசுகிறது. இரண்டாம் நகர்வில் இடைவெளி காட்ட வேண்டும் என்று சொன்னதால் தேடிக்கூடப் பார்க்காமல் ஓர் இடைவெளியை இட்டு நிரப்பியிருக்கிறீர்கள். தோழி சொன்னது இதைத்தான், யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய பொய் அது. பழியை மாதிரியின் மேல் போடாதீர்கள்.

ஆனால் அதே பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், தாளில் படித்த வரி பக்கத்தின் எந்த மூலையில் இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கிறது, திரையில் படித்ததற்கு அப்படி மூலையே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஏன் ஒளித்து வைத்தீர்கள்? அடைப்புக்குறியை எடுங்கள். அந்த மூலையைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று இரண்டு வாரம் தேடுங்கள். அவர்கள் எங்கே நிறுத்தினார்களோ அதுதான் உங்கள் இரண்டாம் நகர்வு.

மாற்றி எழுதியதை அனுப்புங்கள். இணைப்பாக வேண்டாம், கடிதத்திலேயே ஒட்டிவிடுங்கள். அந்தக் கோப்பைத் திறப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.