4 டிஸ்க் ரெய்டு 5-ல் ஒரு டிஸ்க்கை மாற்றினேன், ரீபில்ட் முடிய 15 நாள் காட்டுகிறது. வேகமாக்க வழி உண்டா?

கேட்டவரின் நிலைமை இது: வீட்டில் ஒரு லினக்ஸ் சர்வர், 4 டெராபைட் டிஸ்க் நான்கு, சாஃப்ட்வேர் ரெய்டு 5 (டிஸ்க்குகளை ஒன்றாகக் கோத்து, ஒன்று போனாலும் தரவு தப்பும்படி வைப்பது). ஒன்று பழுதாகிப் புதியது போட்டிருக்கிறார்; மற்ற மூன்றிலிருந்து கணக்கிட்டு அதை நிரப்புவதுதான் ரீபில்ட். ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டைத் திறந்தால் நொடிக்கு 3 எம்பி, முடிய 21,000 சொச்சம் நிமிடம் என்கிறது. இணையத்தில் எல்லாரும் சொல்லும் ‘ஸ்பீட் லிமிட்’ மாற்றத்தையும் செய்து பார்த்துவிட்டார்; அசையவில்லை.

எனக்கும் இதேதான் நடந்தது, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். (போனில் தமிழில் தட்டுவதால் கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.)

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது சிந்துபூந்துறையில் என் பெரியம்மா வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. கல்யாண ஆல்பங்கள் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தப்பியதையெல்லாம் ஸ்கேன் செய்து, குடும்பத்தில் எல்லார் போனில் இருக்கும் படங்களையும் ஒரே இடத்தில் சேர்க்கலாம் என்று பாளையங்கோட்டையில் என் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரைச் சர்வராக்கினேன். உங்களுடையதைப் போலவே நான்கு டிஸ்க், ரெய்டு 5. அடுத்த கோடையில் ஒரு டிஸ்க் படுத்தது. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் அதே கொள்ளளவில் இன்னொன்று வாங்கினேன். “எல்லாம் ஒரே சரக்குதான் அண்ணாச்சி, மேல ஒட்டியிருக்க லேபிள்தான் வேற” என்றார் கடைக்காரர். நானும் நம்பினேன்.

இரவு 9 மணிக்கு ரீபில்ட் தொடங்கியது. நொடிக்கு 140 எம்பி. 4 டெராபைட்டுக்கு எட்டு மணி நேரம், விடிவதற்குள் முடிந்துவிடும் என்று படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் 25 சதவீதத்தில் நிற்கிறது, வேகம் 4 எம்பி.

நானும் முதலில் கை வைத்தது ஸ்பீட் லிமிட்டில்தான். அதைப் புரிந்துகொள்வது நல்லது. லினக்ஸில் ரெய்டை நடத்தும் எம்டி, ரீபில்ட் வேகத்துக்கு ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லை வைத்திருக்கிறது. இயல்பாகக் கீழ் எல்லை ஒரு டிஸ்க்குக்கு நொடிக்கு 1,000 கேபி, மேல் எல்லை 2,00,000 கேபி. வேறு யாரும் அந்த அரேயை (கோத்த டிஸ்க்குகளின் தொகுப்பை) பயன்படுத்தாதபோது மேல் எல்லை வரை ஓடும். யாராவது படம் பார்க்கவோ ஃபைல் ஏற்றவோ ஆரம்பித்தால் அவர்களுக்கு வழிவிட்டுக் கீழ் எல்லை வரை இறங்கும். அந்த 1,000 கேபியிலேயே கடைசிவரை ஓடினால் 4 டெராபைட்டுக்கு 45 நாள் ஆகும். கீழ் எல்லையை 50,000 ஆக உயர்த்தினால் ‘இதற்குக் கீழே இறங்காதே’ என்று சொல்கிறோம். எம்டி வழிவிட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம் என்றால், மாற்றிய நிமிடத்திலேயே வேகம் ஏறும். ஏறவில்லையா, அந்தத் திருகாணியை விட்டுவிடுங்கள். அதை எவ்வளவு முறுக்கினாலும், முடியாத டிஸ்க் முடியாதுதான்.

ஸ்ட்ரைப் கேஷ் (ரெய்டு வேலைக்கு எம்டி ஒதுக்கும் தற்காலிக நினைவகம்) அளவை 256-லிருந்து 4096 ஆக்கச் சொல்வார்கள். ரெய்டு 5, 6-க்கு மட்டும் பொருந்தும். நான்கு டிஸ்க்குக்கு 64 எம்பி நினைவகம் எடுக்கும், ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடும். நல்ல டிஸ்க்குகளில் ஓரளவு பலன் கிடைக்கும். 3 எம்பியை 100 ஆக்காது.

சரி, உண்மையில் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு டிஸ்க்கும் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் ஐஓஸ்டாட். அதை ‘எக்ஸ்’ விருப்பத்தோடு, ஐந்து நொடிக்கு ஒருமுறை என்று ஓடவிட்டு, நான்கு டிஸ்க்கின் வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரீபில்டில் மூன்று டிஸ்க் படிக்கும், ஒன்று எழுதும். நான்கும் ஒரே நடையில்தான் போக முடியும். என் வீட்டில் பழைய மூன்றும் சும்மா இருந்தன, பயன்பாடு ஐந்து சதவீதம்கூட இல்லை. புதியது மட்டும் நூறு சதவீதம், எழுதச் சொல்லும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் காத்திருப்பு இரண்டாயிரம் மில்லிநொடிக்கு மேல். நல்ல டிஸ்க் என்றால் இது பத்து, இருபதில் இருக்கும். முட்டுக்கட்டை எதுவென்று தெரிந்துவிட்டது. ஆனால் புத்தம் புதிய டிஸ்க், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் ஒரு பிழைகூட இல்லை!

மாடல் எண்ணைத் தேடியபோதுதான் அது எஸ்எம்ஆர் டிஸ்க் என்று தெரிந்தது. ஓட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. சாதாரண டிஸ்க்கில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் ஒரு தடத்தின் ஓரத்தின் மேல் அடுத்தது ஏறி, ஓடு வேய்ந்தது போல் இருக்கும். அதே பரப்பில் அதிகம் அடைக்கலாம், விலை குறையும். வரிசையாக வேய்ந்துகொண்டே போகும்வரை சிக்கல் இல்லை. நடுவில் ஒரே ஒரு ஓடு மாற்ற வேண்டுமானால்? மேலே ஏறியிருக்கும் ஓடுகளைக் கழற்றித் திரும்ப அடுக்க வேண்டும். டிஸ்க் இந்த வேலையை உடனே செய்யாமல், வருவதை ஒரு தனி இடத்தில் குவித்துவைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது எடுத்து அடுக்கும். ஓய்வே கொடுக்காமல் இருந்தால் குவிக்கும் இடம் நிரம்பி மூச்சு முட்டிவிடும்.

என் வீட்டில் ஓய்வு போனது எப்போது என்றால், இரவு பதினொரு மணிவாக்கில். எல்லாரும் போனைச் சார்ஜில் போடுவார்கள், படங்கள் தானாகச் சர்வருக்கு ஏறும், அவற்றுக்குச் சிறுபடம் தயாரிக்கும் வேலை வேறு தொடங்கும். ரீபில்ட் வரிசையாக எழுதுவதற்கு நடுவே சில்லறைச் சில்லறையாக அங்கங்கே எழுத வேண்டியிருந்தது. அதுவரை 140-ல் ஓடியது அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

நான் செய்தது: படச் சேவை, பகிர்வு, டொரண்ட் எல்லாவற்றையும் நிறுத்தினேன், ஃபைல் சிஸ்டத்தையே அன்மவுண்ட் செய்தேன். ரீபில்டையும் மேல் எல்லையைக் குறைத்து ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட நிற்க வைத்தேன். டிஸ்க் உள்ளுக்குள் கடகடவென்று அடுக்கிக்கொண்டிருந்தது காதிலேயே கேட்டது. அப்புறம் எல்லையைத் திறந்துவிட்டால் 90, 100 என்று ஏறியது. நடுவில் இரண்டு தடவை திணறினாலும் மறுநாள் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. உள்வட்டத்துக்கு வர வர எந்த டிஸ்க்கும் வெளிவட்ட வேகத்தில் பாதிக்குத்தான் வரும், ஆகவே கடைசியில் கொஞ்சம் இறங்கினால் பயப்பட வேண்டாம்.

உங்களுடையதும் எஸ்எம்ஆரா என்று பார்க்க மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பக்கத்தில் தேடுங்கள். 2020-ல் இது பெரிய சர்ச்சையான பிறகு எந்த மாடல் எந்த வகை என்று பட்டியல் போட்டுவிட்டார்கள். சுழலும் டிஸ்க் ஒன்று எஸ்எஸ்டி போல டிரிம் (அழித்த இடம் எது என்று டிஸ்க்குக்குச் சொல்வது) ஆதரவு காட்டினாலும் சந்தேகப்படலாம்.

புதியது எஸ்எம்ஆர் இல்லை என்றால்? கேபிளைப் பாருங்கள். ஸ்மார்ட் அறிக்கையில் 199-ஆம் எண், சிஆர்சி பிழை, அதாவது கேபிள் வழியில் தரவு சிதைந்த எண்ணிக்கை. அந்த எண் ஒருபோதும் குறையாது, அதனால் அளவைப் பார்க்காமல், ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஏறினால் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிள்தான். லினக்ஸ் கெர்னலின் (மையப் பகுதியின்) பதிவைக் காட்டும் டிமெசேஜில் இணைப்பு 6 ஜிகாபிட்டிலிருந்து 1.5-க்கு இறங்கியிருப்பதும் தெரியும். யூஎஸ்பி பெட்டியில் டிஸ்க் வைத்திருந்து, அது தெரியாமல் 2.0 துளையில் செருகியிருந்தால் 30, 40 எம்பிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அரேயைப் புதிதாக உருவாக்கி உடனே இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் போட்டவர்களுக்கு, பின்னணியில் லேஸி இனிட் (ஃபைல் சிஸ்டத்தின் மிச்சத் தயாரிப்பு வேலை) மணிக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கும், அது முடியட்டும்.

ஐஓஸ்டாட்டில் தனித்து நிற்பது புதியதாக இல்லாமல் பழைய மூன்றில் ஒன்றாக இருந்தால், தயவுசெய்து வேகத்தைப் பற்றிய கவலையை நிறுத்திவிடுங்கள். அது சாகக் கிடக்கும் டிஸ்க். ஸ்மார்ட்டில் 197-ஆம் எண், படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள், பூஜ்யமாக இல்லாமல் இருக்கும். வீட்டு உபயோக டிஸ்க் கெட்ட செக்டரில் மாட்டினால் ஒரு நிமிடத்துக்கு மேல்கூட முட்டிமோதும். லினக்ஸ் கெர்னல் 30 நொடிதான் பொறுக்கும். அப்புறம் இணைப்பை ரீசெட் செய்யும், எம்டி அந்த டிஸ்க்கை வெளியே தள்ளிவிடும். ரெய்டு 5 ரீபில்டின் நடுவில் இரண்டாவது டிஸ்க் வெளியேறினால் அரே கவிழ்ந்தது. ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் எஸ்சிடி இஆர்சி (கெட்ட செக்டரோடு டிஸ்க் எவ்வளவு நேரம் போராடலாம் என்ற எல்லை) அளவை 70,70 என்று வையுங்கள், அதாவது 7 நொடியில் கைவிட்டுவிடு என்று பொருள். டிஸ்க் ஏற்காவிட்டால் கெர்னலின் டைம்அவுட்டை 180 நொடியாக உயர்த்துங்கள். இவற்றை ஒவ்வொரு பூட்டிலும் திரும்பச் செய்ய வேண்டும். அதற்கு முன்னால், முக்கியமானதை இப்போதே வேறு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதியில் என்றைக்கு என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முறையாக ஷட்டவுன் செய்தால் ரீபில்ட் விட்ட இடத்திலிருந்து தொடரும். பட்டென்று போனால், ஒரு டிஸ்க் குறைந்த நிலையில் இருக்கும் ரெய்டு 5, அழுக்காக (எழுதி முடிக்காத நிலையில்) நின்றுவிட்டது என்று தானாகத் தொடங்கவே மறுக்கலாம். கட்டாயப்படுத்தித்தான் எழுப்ப வேண்டியிருக்கும். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அது மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். பின்னால் யூபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவையுங்கள்.

ரீபில்ட் முடிந்த பிறகு நான் தடங்கள் தனித்தனியாக இருக்கும் சாதாரண சிஎம்ஆர் டிஸ்க் ஒன்று வாங்கி, ரெய்டை நிர்வகிக்கும் கருவியான எம்டிஏடிஎம்மின் ‘ரிப்ளேஸ்’ கட்டளையால் மாற்றினேன். பழையதைக் கழற்றாமலே அதிலிருந்து புதியதற்குப் படியெடுக்கும். அரே ஒரு நிமிடம்கூட ஊனமாக நிற்காது. டிஸ்க் முழுதாகச் சாகும் முன்னால் மாற்றுகிறவர்கள் இதையே செய்யுங்கள். ஒன்பது மணி நேரத்தில் முடிந்தது.

அந்த எஸ்எம்ஆர் டிஸ்க்கைத் தூக்கிப் போடவில்லை. மாதம் ஒருமுறை வரிசையாக எழுதி எடுத்துவைக்கும் பேக்கப்புக்கு அது தாராளம். ஒரு யூஎஸ்பி பெட்டியில் போட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்து மாடி அறைப் பரணில் வைக்கச் சொன்னேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏ ஐயா, தண்ணி அம்புட்டு ஒசரம் வராதுல்லா?” என்று கேட்டார்.