சிவப்பு விளக்கு மினுக்கினால் பேட்டரி போய்விட்டதா?

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். 18 வோல்ட் பேட்டரி ட்ரில் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. மாடியில் தகர ஷீட் போட்ட அறையில் வைத்திருக்கிறேன். ஏப்ரலிலிருந்து சார்ஜ் ஏறுவதில்லை. சார்ஜரில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. ஜன்னலுக்கு மேலே ஸ்க்ரீன் ராடு மாட்ட ஓட்டை போட்டால் அரை அங்குலத்துக்கு மேல் இறங்காமல் பிட் முனை கருகுகிறது. புது பேட்டரி வாங்கவா?

பதில்: அவசரப்படாதீர்கள். இரண்டும் வேறு வேறு சங்கதி.

லித்தியம் பேட்டரி சூடாக இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் உள்ளே இருக்கும் செல்கள் கெடும். அதனால் ஏறக்குறைய 45 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான சார்ஜர்கள் தாமாகவே நிறுத்திக்கொள்ளும். வேலூர்ப் பக்கத்து அக்னி நட்சத்திரத்தில் தகர ஷீட்டுக்கு அடியில் அந்தச் சூடு சர்வ சாதாரணம். பேட்டரியைக் கீழ் வீட்டில் நிழலில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு சார்ஜ் போடுங்கள். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோக்கும். ஆறிய பிறகும் மினுக்கினால் பேட்டரியில் சார்ஜரைத் தொடும் உலோக முனைகளை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் சர்வீஸ் சென்டர். என்ன மினுக்கலுக்கு என்ன அர்த்தம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூட வந்த கையேட்டில் இருக்கும்.

முழுக்கக் காலியான பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் பேட்டரிக் காலத்துப் பழக்கம். இதற்கு அது கெடுதல். வேகம் குறைந்ததுமே போடுங்கள். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் கழற்றி வையுங்கள். காலியாகவே கிடந்தால் மறுபடி சார்ஜ் ஏறாமலே போகலாம்.

இனி ஓட்டை. ஜன்னலுக்கு நேர் மேலே இருப்பது செங்கல் இல்லை, லிண்டல் கான்கிரீட்; அதாவது மேல்சுவரைத் தாங்கும் உத்தரம். அரை அங்குலம் பூச்சு, அதற்குப் பின் கான்கிரீட். பிட் நின்ற இடம் அதுதான். தூளைப் பாருங்கள்: சிவப்பாக வந்தால் செங்கல், சாம்பல் நிறத்திலேயே தொடர்ந்தால் கான்கிரீட். லிண்டல் பெரும்பாலும் அரை அடி உயரம்; ஜன்னலின் இரு பக்கமும் சுமார் அரை அடி நீண்டிருக்கும். ராடு பிராக்கெட்டை ஜன்னல் விளிம்பிலிருந்து எட்டு, ஒன்பது அங்குலம் மேலே ஏற்றினால் செங்கல் கிடைக்கும், தகராறு இல்லை. சுவரைத் தட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள், தூள்தான் சாட்சி.

லிண்டலிலேயே போட்டாக வேண்டுமா? முதலில் ஃபார்வர்டு, ரிவர்ஸ் பட்டனைப் பாருங்கள். ரிவர்ஸில் சுற்றினால் பிட் வெட்டாது, தேய்த்துக் கருகும். பிட்டைப் பிடிக்கும் வாய்க்குப் பின்னால் இருக்கும் கிளட்ச் வளையத்தில் சுத்தியல் படம் (ஹேமர், அதாவது சுற்றிக்கொண்டே இடிப்பது) இருக்க வேண்டும்; அது இல்லாத ட்ரில்லால் கான்கிரீட்டில் எளிதில் ஆகாது. கியர் 2, கார்பைடு முனை வைத்த கான்கிரீட் பிட், ஓட்டைக்குள் செருகும் பிளாஸ்டிக் கட்டை 6 மில்லி என்றால் 6 மில்லி பிட். நேராக அழுத்திப் பிடித்து, அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைக் கொட்டுங்கள். சூடேறினால் தானாக ஆறட்டும். தண்ணீரில் முக்கினால் கார்பைடு விரிசல் விடலாம். "டக்" என்று நின்று உலோகச் சத்தம் வந்தால் கம்பி; அதை அறுக்கக் கூடாது, இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். சுவரில் டைல்ஸ் இருந்தால் டைல்ஸ் தாண்டும்வரை ஹேமர் வேண்டாம்.

கியரை மோட்டார் நின்ற பிறகே மாற்றுங்கள். வேலை முடிந்ததும் காற்றுத் துளைகளில் படிந்த சிமென்ட் தூளை பிரஷால் தட்டுங்கள். பிட்டைப் பிடிக்கும் சக்குக்குள் தூள் சேர்ந்தால் பிட் நழுவும்; முனையைக் கீழே பார்க்கப் பிடித்து, சக்கின் வாயைத் திறந்து மூடினால் கொட்டிவிடும்.