அந்த முழங்கால் வலியும் பாடந்தான்

ஐயா வணக்கம்,

புதுச்சேரி லாஸ்பேட்டைலேர்ந்து எழுதுறேன். என் அக்கா பெங்களூர்ல வாக்கப்பட்டவங்க. அவங்க குடும்பம் மோர்மன் சபைல சேந்து ஆறேழு வருஷமாச்சு. இப்ப அவங்க பையன், 19 வயசு, இன்ஜினியரிங்கை நடுவுல நிறுத்திட்டு ரெண்டு வருஷம் மிஷனரியா வடக்க போயிட்டான். சம்பளம் கிடையாது, அக்காதான் காசு கட்றாங்க. வாரத்துல ஒரு நாள் எனக்கு மெயில் போடுவான். காலைல ஆறரைக்கு எந்திரிக்கணும், ராத்திரி பத்தரைக்குப் படுக்கணும், ஜோடிப் பையனை விட்டு எங்கயும் தனியா போகக் கூடாது, டீ காபி கூடாது, இப்படியே இருக்கும். போன மாசம் எழுதினான்: "நாள் பூரா ஒரு கதவும் திறக்கல மாமா, சாயங்காலம் ஒரு தாத்தா உள்ள கூப்ட்டாரு, ஆனா ஒரு மணி நேரம் முழங்கால் வலியைப் பத்தியே பேசினாரு, பாடம் எடுக்கவே முடியல." எனக்குச் சிரிப்பும் எரிச்சலுமா வந்துச்சு. புத்தி வரட்டும்னு அதுலேர்ந்து பதிலே போடல. இவங்க நிஜமா கிறிஸ்தவங்கதானா? பலதாரம் உண்டுங்கறாங்களே? அவனை எப்படித் திருப்பிக் கூட்டிட்டு வர்றது?

தம்பி,

உடனே பதில் எழுத உக்காந்ததுக்குக் காரணம் உங்க கேள்விங்க இல்ல, நடுவுல போற போக்குல சொல்லிட்டுப் போனீங்களே அந்த முழங்கால், அதுதான். ரிட்டையர் ஆனதுலேர்ந்து என் மண்டைக்குள்ள ஓடுறது ஒரே விஷயம். ஒருத்தருக்கு ஒண்ணைச் சொல்லிக் குடுக்கணும்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? அதுக்கு நேரா வந்து விழுந்துச்சு உங்க அக்கா பையனோட மெயில்.

சின்னதையெல்லாம் முதல்ல முடிச்சுடுறேன். பலதாரத்தை அந்தச் சபை 1890லயே கைவிட்டாச்சு, இப்ப யாராவது செஞ்சா சபையை விட்டே நீக்கிடுவாங்க. கிறிஸ்தவங்களான்னா, அவங்க ஆமாங்கறாங்க, மத்த சபைக்காரங்க பலபேர் இல்லங்கறாங்க. 1830ல நியூயார்க் மாகாணத்துல ஜோசப் ஸ்மித் ஆரம்பிச்ச காலத்துலேர்ந்து நடக்கிற பஞ்சாயத்து அது, லாஸ்பேட்டைல நீங்களும் மஞ்சக்குப்பத்துல நானும் உக்காந்து தீர்த்து வைக்கிற விஷயமில்ல.

ஆனா பதில் போடாம விட்டீங்களே, அதை என்னால விட முடியல. நீங்க அவனுக்குத் தாய்மாமன். சின்ன வயசுல உங்க மடில உக்கார வச்சுத்தான அவனுக்குக் காது குத்தியிருப்பாங்க? அந்தப் பசங்க வாழ்க்கையைக் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. 2019 பிப்ரவரி வரைக்கும் வீட்டுக்குப் போன் பேச வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் அனுமதி, கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு, அன்னையர் தினத்துக்கு ஒண்ணு. அதுக்கப்புறம்தான் வாராவாரம் பேசலாம்னு தளர்த்தினாங்க. எந்த ஊருக்குப் போறோம்கறதைக்கூட அவன் தேர்ந்தெடுக்கல, அவங்க தலைமையகம் இருக்கிற சால்ட் லேக் சிட்டிலேர்ந்து வந்த லெட்டர்ல என்ன இருந்துச்சோ அந்த ஊர். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சுல எல்டர்னு போட்ட கருப்பு பேட்ஜ், தெரியாத ஊர், பழகாத இந்தி, பகல் பூரா "வேணாம் போப்பா." வாரத்துல கிடைக்கிற அந்த ஒரு நாள்ல துணி துவைச்சு, காய்கறி வாங்கி, முடி வெட்டிக்கிட்டு, அப்புறம் ஆசையா மெயிலைத் திறந்து பாக்குறான், மாமாகிட்டேர்ந்து ஒண்ணுமில்ல. ஊரே கதவைச் சாத்துது, சரி, அவங்கல்லாம் அந்நியங்க. நீங்களுமா? அவன் நம்பிக்கை உங்களுக்குப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு எழுதுங்க, சண்டை போடுங்க, எழுதாம மட்டும் இருக்காதீங்க. 19 வயசுல இந்த மாதிரி மௌனத்தை வாங்கினவங்க அதை ரொம்ப வருஷம் மறக்க மாட்டாங்க தம்பி.

இப்ப முழங்காலுக்கு வரேன்.

1990கள் ஆரம்பத்துல, கடலூர் இன்னும் தென்னாற்காடு மாவட்டத்துல இருந்த காலம், பெரியவங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்த அறிவொளி இயக்கத்துல நான் தொண்டரா தேவனாம்பட்டினம் குப்பத்துக்குச் சாயங்காலத்துல போவேன். சிலேட்டு, சாக்பீஸ், அரிக்கேன் வெளக்கு, புது வாத்தியார் மிடுக்கு எல்லாம் இருந்துச்சு. அங்க ஒரு அம்மா, கூடைல மீன் தூக்கி விக்கிறவங்க, சிலேட்டைத் தொடவே மாட்டாங்க. ஒரு நாள் அவங்களே உள்ள கூப்ட்டு அடுப்பாங்கரைச் சுவத்தைக் காட்டினாங்க. சுவரு பூரா கரிக்கோடு. தண்டல்காரருக்குக் காசு குடுத்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. மடிலேர்ந்து தண்டல் அட்டையை எடுத்து நீட்டி, "இதுல அவன் எத்தினி எழுதியிருக்கான்னு பாத்துச் சொல்லு, அப்புறமா ஒன் அனா ஆவன்னாவுக்கு வரேன்"னாங்க. ரெண்டு பேரும் வெளக்கைச் சுவத்துகிட்ட புடிச்சு எண்ணினோம். அட்டைல குறைச்சலாத்தான் இருந்துச்சு. மறுநாள் அந்தம்மாவே தண்டல்காரரை வாசல்ல நிறுத்தி நியாயம் கேட்டாங்க. அதுக்கப்புறம் அந்த வீட்டுத் திண்ணைல பாடம் அனா ஆவன்னாலேர்ந்து ஆரம்பிக்கல, ஒண்ணு ரெண்டு மூணுலேர்ந்து ஆரம்பிச்சுது, ஏன்னா அவங்களுக்கு அதுதான் வேண்டியிருந்துச்சு, கையெழுத்தெல்லாம் அது பின்னாடியே வந்துச்சு.

அந்தச் சுவரைப் பாக்காம நான் பாடம் எடுத்திருந்தா அது யாருக்குப் பாடம், சொல்லுங்க? அந்தத் தாத்தாவோட முழங்காலும் அப்படித்தான். கதவைத் திறந்து, உக்கார வச்சு, தன்னோட வலியை ஒரு மணி நேரம் ஒரு மனுஷன் சொல்றாருன்னா அவரு வீட்ல அதைக் கேக்க ஆளில்லன்னு அர்த்தம். ரெண்டு சின்னப் பசங்க அதைக் கேட்டாங்க. நாள் வீணாப் போச்சுன்னு அவன் நெனைக்கிறான், அவன் நெனைக்கலாம், சின்னவன். நீங்க எப்படி அதைப் படிச்சுட்டுச் சிரிச்சீங்க?

நம்ம கரையிலயே இதுக்கு ஆளு இருந்திருக்காங்க. 1706ல தரங்கம்பாடில எறங்கின ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குக்கு அப்ப வயசு இருபத்தி மூணு, இருபத்தி நாலுதான். பள்ளிக்கூடத்துப் பசங்களோட தரையில உக்காந்து மணல்ல விரலால எழுதித் தமிழ் கத்துக்கிட்டாரு. பைபிளோட புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல மொழிபெயர்த்ததுக்குத்தான் எல்லாரும் அவரைக் கொண்டாடுறாங்க, எனக்கு அதைவிடப் பெருசாத் தெரியுறது வேற ஒண்ணு. 1712லேர்ந்து 1714 வரைக்கும் அவரும் கூட இருந்தவங்களும் தமிழாளுங்ககிட்ட கடிதத்துல கேள்வி கேட்டு, அவங்க எழுதின பதிலை ஜெர்மன்ல மொழிபெயர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினாங்க. நீங்க எதை நம்புறீங்க, எப்படி வாழுறீங்கன்னு கேட்டிருக்காங்க. நம்ம சாமிங்களைப் பத்தி 1713ல ஒரு புஸ்தகமே எழுதி அனுப்பினாரு, போனது மதத்தைப் பரப்பவா இல்ல அவங்க சாமியைப் பத்தி எழுதவான்னு ஜெர்மனில ஹாலேங்கற ஊர்ல இருந்த அவரோட மிஷன் பெரியவங்க அதை அச்சுல போடல, 1867லதான் மெட்ராஸ்ல அச்சாச்சு. மதம் மாத்தணும்னுதான் வந்தாரு, அதை நான் மறைக்கல, மறுக்கல. ஆனா எதிர்ல இருக்கிறவன் சொல்றதைக் காது குடுத்துக் கேட்டாரு. அதனாலதான் அவரோட நம்பிக்கைக்குச் சம்பந்தமே இல்லாத நானும் 300 வருஷம் கழிச்சு அவரைப் பத்திப் பேசிட்டு இருக்கேன்.

உங்க அக்கா பையனோட சபைகிட்ட எனக்குச் சண்டை இருக்குன்னா அது இந்த இடத்துலதான். முன்னாடியெல்லாம் அந்தப் பசங்க ஆறு பாடத்தை வரிக்கு வரி மனப்பாடம் பண்ணி வீடு வீடா ஒப்பிப்பாங்க. 2004ல அதை எடுத்துட்டு, எதிர்ல இருக்கிறவங்களுக்கு ஏத்தமாதிரி சொந்த வார்த்தைல பேசுங்கன்னு புது வழிகாட்டிப் புஸ்தகம் குடுத்தாங்க. நல்ல காரியம், இருந்தாலும் பாதிதான். இன்னமும் கேள்வி கேக்குறதெல்லாம் கடைசில ஞானஸ்நானத்துக்கு எந்தத் தேதின்னு கேக்குற இடத்துக்குக் கொண்டு போறதுக்குத்தான். முடிவைப் பையில வச்சுக்கிட்டு ஒருத்தர் கதையைக் கேட்டா அது எதிராளிக்குத் தெரிஞ்சு போயிரும் தம்பி, அதுவும் கால்வலியோட உக்காந்திருக்கிற கிழவருக்கு ரொம்ப நல்லாவே தெரியும். அவனுக்கு இதைச் சொல்லுங்க. மறுபடியும் அந்த வீட்டுக்குப் போகச் சொல்லுங்க, அன்னைக்கு மட்டும் பாடம் எதுவும் எடுக்க வேணாம், டாக்டர்கிட்ட போனீங்களா, மாத்திரை வாங்கித் தர ஆளு இருக்கான்னு கேட்டுட்டு வரட்டும். டீ குடுத்தா வேணாம்னு மரியாதையாச் சொல்லிட்டு ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிக்கட்டும், அவங்க விதில அதுக்குத் தடையில்ல.

இவ்வளவையும் எழுதி முடிச்சுட்டுப் பாத்தா, திருப்பிக் கூட்டிட்டு வர்றது எப்படின்னு நீங்க கேட்டதுக்கு நான் இன்னும் பதிலே சொல்லல. கூட்டிட்டு வராதீங்க. வயசு வந்தவன், தானா போனவன், தானா வருவான், வேணும்னா நடுவுலயே வருவான், அப்ப உங்க வீட்டுக்கு வர்ற மாதிரி நீங்க நடந்துக்கங்க. உங்களுக்கு நிஜமாவே கவலைன்னா அதுக்கு ஒரு வேலை இருக்கு. காலேஜ்ல பிரேக் ஆஃப் ஸ்டடிக்கு எழுத்துல அனுமதி வாங்கினாங்களா, திரும்பி வந்தா எந்த செமஸ்டர்ல சேரலாம், பழைய அரியருக்கு எத்தனை வருஷம் டைம்னு உங்க அக்காகிட்ட கேளுங்க. வாங்கலன்னா பஸ் ஏறி பெங்களூர் போங்க, பிரின்சிபலைப் பாத்து ஒரு லெட்டர் குடுத்து, சீல் போட்ட காப்பி வாங்கிட்டு வாங்க. பையன் ஊர்ல இல்லாதப்ப மாமன் செய்ய வேண்டிய வேலை அது.