லைன் இல்லாத பிளாக்கில் பதிந்த கணக்கு: கேள்வி பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதிப் பழகும் தம்பி தங்கைகளிடம், ஹேண்ட்போனில் இருக்கும் டேட்டாவும் சர்வரில் இருக்கும் டேட்டாவும் ஒத்துப்போகாமல் தலைவலி கொடுத்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் தோட்டத்துச் செயலிகள்: குலைக் கணக்கு, பெரட்டு (காலையில் ஆள் வருகை எடுப்பது), எடைச் சீட்டு. மீதி கடைத்தெரு. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

லிந்தாங் பக்கத்துத் தம்பி: அக்கா, மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) செம்பனை பிளாக்குக்குள் நின்று குலை எண்ணிக்கையைப் பதிகிறார். அங்கே லைன், அதாவது இணைய இணைப்பு, கிடையாது. எல்லாவற்றையும் ஒரே ஜேசனாக (டேட்டாவை எழுத்தாக்கிய வடிவம்), பிரவுசரின் சின்னச் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் போட்டு வைத்து, ஆபீஸ் வந்ததும் அனுப்புகிறேன். இப்படியே விடலாமா?

விடாதீர்கள், தம்பி. லோக்கல் ஸ்டோரேஜ் ஏறக்குறைய 5 எம்பி வரைதான் பிடிக்கும். எழுத்துச்சரம் மட்டுமே வாங்கும். அதில் எழுதி முடிக்கும்வரை திரை அசையாது. பின்னணியில் ஓடும் சர்வீஸ் ஒர்க்கரால் அதைத் தொடவே முடியாது. இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே ஜேசனாக வைத்திருக்கிறீர்களே, அதுதான் ஆபத்து. செயலி இரண்டு டேபில் திறந்திருந்தால், பின்னால் எழுதியது முன்னால் எழுதியதை முழுசாக விழுங்கிவிடும்.

பிரவுசருக்குள்ளேயே இருக்கும் டேட்டாபேஸான இன்டெக்ஸ்டு டிபிக்கு மாறுங்கள். உள்ளே இரண்டு ஸ்டோர் போதும். ஒன்றில் பதிவுகள், இன்னொன்றில் அனுப்பவேண்டியவை. இரண்டாவதை அவுட்பாக்ஸ் என்பார்கள். மண்டோர் ‘சேமி’ அழுத்தியதும் இரண்டிலும் ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதுங்கள். எழுதினால் இரண்டிலும் இருக்கும், இல்லாவிட்டால் இரண்டிலும் இருக்காது. அவுட்பாக்ஸிலிருந்து ஒன்றை நீக்குவது சர்வர் ‘கிடைத்தது’ என்று பதில் சொன்ன பிறகுதான். ஒரு எச்சரிக்கை: அந்த டிரான்சாக்‌ஷனுக்கு நடுவில் ஃபெட்ச் (சர்வருக்கு அனுப்பும் கோரிக்கை) போட்டுக் காத்திருக்காதீர்கள். செய்ய வேலை எதுவும் பாக்கியில்லை என்று தெரிந்தால் அது தானாக முடிந்துவிடும். நீங்கள் திரும்பி வந்து எழுதப் பார்க்கும்போது பிழைதான் மிஞ்சும்.

அனுப்பாமல் கிடக்கும் பதிவு எத்தனை என்று திரையின் மேலே ஒரு எண்ணாகக் காட்டுங்கள். ‘சேமிக்கப்பட்டது’ என்ற பச்சைக் குறியை ஹேண்ட்போனில் எழுதியவுடனே காட்டிவிட்டால், ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் மண்டோர் நினைப்பார்.

அதே தம்பி: லைன் இருக்கிறதா என்று பிரவுசர் சொல்லும் நேவிகேட்டர் ஆன்லைன் ‘ட்ரூ’ என்கிறது, ஆனால் அனுப்பினால் போகவில்லையே?

அது ‘ஃபால்ஸ்’ என்றால் நம்பலாம். ‘ட்ரூ’ என்றால், ஏதோ ஒரு நெட்வொர்க்கோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது மட்டுமே பொருள். ஆபீஸ் வைஃபை கிடைத்து, அதற்கு அப்பால் இன்டர்நெட் செத்துக் கிடந்தாலும் ‘ட்ரூ’தான். அனுப்பிப் பார்ப்பதே சரியான சோதனை. கோரிக்கையை நடுவில் நிறுத்த உதவும் அபார்ட் கண்ட்ரோலரால் நேர வரம்பு வையுங்கள். தோற்றால் 2 விநாடி, 4, 8 என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். அந்த இடைவெளியில் கொஞ்சம் சீரின்மையும் கலந்துவிடுங்கள், இல்லாவிட்டால் லைன் வந்ததும் எல்லா ஹேண்ட்போனும் ஒரே நொடியில் சர்வர் மேல் பாயும். லைன் வந்ததும் பின்னணியில் தானாக அனுப்பும் பேக்கிரவுண்ட் சிங்க் குரோம் வகைப் பிரவுசர்களில் உண்டு, சஃபாரியில் இல்லை. ஆகவே செயலியைத் திறக்கும்போதும், திரை மறுபடி முன்னால் வரும்போதும் நீங்களே ஒருமுறை முயன்றுவிடுங்கள்.

கமுனிங் தங்கச்சி: ஒரே குலைக் கணக்கு சர்வரில் இரண்டு தடவை ஏறுகிறது. பட்டனை ஒருமுறைதான் அழுத்தினேன் என்று மண்டோர் சத்தியம் செய்கிறார்.

அவரைச் சந்தேகப்படாதீர்கள், அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பதிவாகி, பதில் திரும்பும் வழியில் லைன் அறுந்திருக்கும். ஹேண்ட்போனைப் பொறுத்தவரை அது தோல்வி, மறுபடி அனுப்புகிறது. சர்வருக்கு அது புதுப் பதிவு. எண்ணிக்கைக்குச் சம்பளம் கொடுக்கும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

அடையாள எண்ணைச் சர்வர் கொடுக்கக் காத்திருக்காமல், மண்டோர் ‘சேமி’ அழுத்தும் அந்தக் கணத்தில் ஹேண்ட்போனிலேயே ஒரு யுயுஐடி (வேறெதோடும் மோதாத அடையாள எண்) உண்டாக்கிப் பதிவோடு வையுங்கள். எத்தனை தடவை மறுபடி அனுப்பினாலும் அதே எண்தான் போகவேண்டும். அனுப்பும் ஃபங்ஷனுக்குள் உண்டாக்கினால் ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் பிறந்து, பழைய கதையே தொடரும். சர்வரின் டேட்டாபேஸில் அந்த எண் இருக்கும் நெடுவரிசைக்கு யுனிக் கட்டுப்பாடு (ஒரே எண் இரண்டு தடவை ஏறக்கூடாது என்ற விதி) போடுங்கள். அதே எண் மறுபடி வந்தால் பிழை எறியாமல், முதல் தடவை கொடுத்த பதிலையே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கிரிப்டோவில் இருக்கும் ரேண்டம் யுயுஐடி ஹெச்டிடிபிஎஸ்ஸிலும் லோக்கல்ஹோஸ்ட்டிலும்தான் வேலை செய்யும். மடிக்கணினியின் 192.168 முகவரியைச் சாதாரண ஹெச்டிடிபியில் ஹேண்ட்போனில் திறந்து சோதித்தால் அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று சொல்லும். அதற்காக நீங்கள் எழுதிய புரோகிராமைப் பிரித்து மேய வேண்டாம்.

ஓய்வுபெற்ற கிராணி (தோட்டத்து ஆபீஸ் எழுத்தர்) ஐயா ஒருவர்: அம்மா, என் பேரன் இதையெல்லாம் எழுதுகிறான். எங்கள் காலத்தில் செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவேடு ஒன்றே ஒன்று, ஆபீஸில் இருக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு எப்படி வருகிறது? புரியவில்லை.

ஐயா, பேரனுக்கு நீங்களே பாடம் எடுக்கலாம். உங்கள் செக்ரோல் ஆபீஸில் இருந்தாலும், மண்டோரின் கால்சட்டைப் பையில் ஒரு சின்னப் புத்தகம் இருந்திருக்கும். அவர் அன்றன்று நடந்ததை வரிவரியாக எழுதிக்கொண்டு வருவார். மொத்தம் போடுவது நீங்கள். அவர் வெறும் மொத்தத்தை மட்டும் வாயால் சொல்லி, நீங்கள் பழைய மொத்தத்தை அழித்து எழுதியிருந்தால், சம்பள நாளில் என்ன நடந்திருக்கும்?

பேரன் எழுதும் செயலிகள் பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன. ‘இந்த வெட்டாளின் இன்றைய மொத்தம் 87’ என்று ஒரு ஹேண்ட்போன் அனுப்புகிறது. அதே ஆள் மதியம் வேறு பிளாக்குக்குப் போயிருப்பார். அங்கே இருக்கும் மண்டோரின் ஹேண்ட்போனில் காலைக் கணக்கு இன்னும் வந்து சேரவில்லை, அது ‘மொத்தம் 31’ என்கிறது. கடைசியாக வந்தது நிற்கட்டும் என்று எழுதியிருந்தால் 87 போய் 31 நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஆள் வந்து சண்டை போட்டால்தான் தெரியும். ‘6-ஆம் பிளாக், 87 குலை’, ‘9-ஆம் பிளாக், 31 குலை’ என்று நடந்ததை மட்டும் இரண்டு பதிவாக அனுப்பியிருந்தால் மோதலே இல்லை. கூட்டிச் சொல்வது சர்வரின் வேலை. தப்பாகப் பதிந்துவிட்டால் அழிக்காமல், திருத்தப் பதிவு ஒன்றைச் சேர்க்கலாம். அதையும் உங்கள் காலத்துக் கணக்குப் புத்தகங்கள் அப்படித்தான் செய்தன.

கோலகங்சார் தம்பி: அப்படி வரிவரியாகப் பிரிக்க முடியாத டேட்டா இருக்கிறதே? தொழிலாளியின் வீட்டு எண், வங்கிக் கணக்கு. இரண்டு பேர் திருத்தினால் யார் ஜெயிப்பது? தனித்தனியாகத் திருத்திய பிரதிகளைத் தானாக ஒன்றாக்கும் சிஆர்டிடி போட்டுவிடலாமா?

முதலில் யாருக்குத் திருத்தும் உரிமை என்று தோட்டத்து ஆபீஸில் கேளுங்கள். வங்கிக் கணக்கை மண்டோர் தொடவே கூடாது என்பார்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிக்கு ஒவ்வொரு பதிவிலும் ஒரு வெர்ஷன் எண் வையுங்கள். ‘நான் பார்த்தது 7-ஆம் வெர்ஷன், அதைத் திருத்துகிறேன்’ என்று ஹேண்ட்போன் சொல்லவேண்டும். ஹெச்டிடிபியில் இதற்கென்றே இஃப்-மேட்ச் தலைப்பு இருக்கிறது. இதற்குள் சர்வரில் 8 ஆகியிருந்தால் 412 (நிபந்தனை பொருந்தவில்லை) என்று பதில் வரும். உடனே இரண்டு மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, கிராணியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அழகான தீர்வு இல்லைதான், ஆனால் அவருக்குத் தெரியும், உங்கள் புரோகிராமுக்குத் தெரியாது.

ஹேண்ட்போன் கடிகாரத்தை வைத்து ‘எது பிந்தியது’ என்று தீர்மானிக்காதீர்கள். நேரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். தனித்தனிக் கணினிகளின் கடிகாரங்களை நம்பாமல் நிகழ்வுகளை எப்படி வரிசைப்படுத்துவது என்று லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே கட்டுரை எழுதிவிட்டார். உங்கள் அளவுக்குச் சர்வர் கொடுக்கும் தொடர் எண்ணே போதும்.

சிஆர்டிடியைப் பற்றி: ஒய்ஜேஎஸ், ஆட்டோமெர்ஜ் இரண்டும் நல்ல லைப்ரரிகள். நான்கு பேர் ஒரே அறிக்கையை ஒரே நேரத்தில் எழுத வேண்டுமென்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் அது கொடுக்கும் வாக்குறுதி, எல்லாத் திரையும் கடைசியில் ஒரே மதிப்புக்கு வந்து சேரும் என்பது மட்டும்தான். அந்த மதிப்பு சரியான வங்கிக் கணக்கா என்பதை அது சொல்லாது.

எஸ்டேட் ஆபீஸில் பயிற்சியில் இருக்கும் தங்கச்சி: அக்கா, காலைப் பெரட்டில் எடுக்கும் வருகை முந்தின நாளுக்குப் போய் விழுகிறது. மதியம் பதிந்தால் சரியாக இருக்கிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

இந்தப் பேய்க்குப் பெயர் டூ-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங், நேரத்தை எழுத்துச்சரமாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன். முதல் 10 எழுத்தை வெட்டித் தேதியாக வைத்திருப்பீர்கள், சரியா? அது கொடுப்பது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நாம் 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். காலை 6 மணிக்குப் பெரட்டு எடுத்தால் யுடிசியில் முந்தின நாள் இரவு 10 மணி. காலை 8-க்குப் பிறகு பதிவது எல்லாம் சரியாக விழும். ஊர் எழுந்திருக்கும் முன்பே வேலைக்குக் கிளம்பும் இடத்தில்தான் இந்தக் குறை வெளியே வரும்; நகரத்து ஆபீஸில் உட்கார்ந்து 9 மணிக்கு மேல் சோதிப்பவர் கண்ணில் படவே படாது.

வேலை நாள் என்பது ஒரு நேரப்புள்ளி இல்லை, வெறும் தேதி. அதைத் தேதியாகவே, ஆண்டு-மாதம்-நாள் என்ற எழுத்துச்சரமாகத் தனி நெடுவரிசையில் அனுப்புங்கள். பதிந்த நேரம் வேண்டுமென்றால் அது யுடிசியில் இன்னொரு நெடுவரிசையில் போகட்டும்.

பிறந்த தேதிக்கும் இதையே செய்யுங்கள். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1-இல்தான் யுடிசிக்கு 8 மணி நேரம் முன்னால் என்று மாறியது. அதற்கு முன் ஏழரை மணி நேரம். 1979-இல் பிறந்தவரின் பிறந்த நாளை நள்ளிரவு நேரமாக வைத்து, சர்வர் கண்ணை மூடிக்கொண்டு 8 மணி நேரத்தைக் கழித்து அனுப்பினால், கோலாலம்பூர் நேர மண்டலம் தெரிந்த பிரவுசர் அதை முந்தின நாள் இரவு 11:30 என்று காட்டும். மூத்த தொழிலாளிகளுக்கு மட்டும் ஒரு நாள் குறைகிறது என்று யாராவது புகார் சொன்னால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

கடைத்தெருவில் மளிகைக் கடை ஆர்டர் செயலி எழுதும் தம்பி: நீக்கிய சாமான் மறுநாள் திரும்பி வந்துவிடுகிறது.

சர்வரில் வரியையே அழித்துவிட்டீர்கள். இரண்டு நாள் லைன் இல்லாமல் இருந்த ஹேண்ட்போனுக்கு ‘இது போய்விட்டது’ என்று சொல்ல ஆளில்லை. அதனிடம் இன்னும் அந்தச் சாமான் இருக்கிறது, புதுசு என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறது. அழிக்காமல் ‘நீக்கப்பட்டது’ என்று குறி போட்டு, மற்ற மாற்றங்களோடு அதையும் எல்லாருக்கும் அனுப்புங்கள். குறி போட்டவற்றை 90 நாளுக்குப் பிறகு துடைக்கலாம். அதைவிட நீண்ட நாள் லைன் இல்லாமல் இருந்த ஹேண்ட்போன் வந்தால் ஒத்துப்பார்க்காமல் முழுப் பட்டியலையும் புதிதாக இறக்கிக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.

அதே கடைத் தம்பி: சர்வர் டேட்டாவைத் திரைக்குக் கொண்டுவரும் டான்ஸ்டாக் குவெரி லைப்ரரியில் அளவை 3 என்று மாற்றினால் திரை 3 காட்டி, 2-க்குப் போய், மறுபடி 3 ஆகிறது.

நீங்கள் மாற்றும் முன்பே புறப்பட்ட பழைய ஃபெட்ச் இப்போது வந்து மேலே எழுதுகிறது. திரையை முன்கூட்டியே மாற்றும் இடத்தில் முதல் வரியாக, பழைய ஃபெட்சை நிறுத்தும் கேன்சல் குவெரிஸ் போடுங்கள். பழைய மதிப்பையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சர்வர் மறுத்தால் திருப்பிவிட.

ஈப்போ போய்வரும் தங்கச்சி: எடைப்பாலத்துக்கு வரும் லோரிகளை ஆபீஸ் திரையில் காட்ட, சர்வரோடு எப்போதும் திறந்திருக்கும் வெப்சாக்கெட் இணைப்பு வேண்டுமா?

வேண்டாம். 30 விநாடிக்கு ஒருமுறை கேளுங்கள், ஈடேக் (பதிலின் வெர்ஷன் அடையாளம்) வையுங்கள், மாற்றமில்லை என்றால் 304 என்ற பதில் வரும், முடிந்தது.

லிந்தாங் தம்பி, மறுபடியும்: தீபாவளி விடுமுறை முடிந்து வந்தால் ஐபோன் வைத்திருக்கும் மண்டோரிடம் எதுவுமே இல்லை. அனுப்பாதவையும் போய்விட்டன.

2020-லிருந்து சஃபாரி, அதைப் பயன்படுத்திய 7 நாளில் ஒருமுறையும் பயனர் தொடாத தளத்தின் இன்டெக்ஸ்டு டிபியைத் துடைத்துவிடும். முகப்புத் திரையில் சேர்த்த செயலிக்கு இந்த விதி இல்லை; ஐபோன்காரர்களை அப்படிச் சேர்க்க வையுங்கள். டேட்டாவைத் துடைக்காதே என்று பிரவுசரிடம் கேட்கும் ஸ்டோரேஜ் பெர்சிஸ்ட்டையும் கேட்டு வைக்கலாம். ஆனால் விடுமுறைக்கு முன்னால் அவுட்பாக்ஸ் காலியா என்று ஆபீஸில் பார்த்து அனுப்புவதே மேல்.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: ஒரே ஹேண்ட்போனை இரண்டு மண்டோர் மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். முதல் ஆள் வெளியேறி இரண்டாவது ஆள் உள்ளே வந்ததும், முதல் ஆளின் பதிவுகள் இரண்டாவது ஆள் பெயரில் போகின்றன.

வந்ததிலேயே நல்ல கேள்வி இது. அவுட்பாக்ஸை அனுப்பும்போது ‘இப்போது உள்ளே இருப்பவர் யார்’ என்று பார்த்து அவருடைய டோக்கனை (உள்நுழைந்தவரின் அடையாளச் சீட்டு) ஒட்டுகிறீர்கள். ஒவ்வொரு வரியிலும் அதைப் பதிந்தவரின் அடையாளத்தை அப்போதே எழுதி வையுங்கள். அனுப்பும்போது அவர் உள்ளே இருந்தால் மட்டும் அந்த வரி போகட்டும். மற்றவருடையது அப்படியே காத்திருக்கட்டும், ‘வேறொருவரின் 5 பதிவு பாக்கி’ என்று திரையில் தெரியட்டும். வெளியேறும்போது டேட்டாபேஸை மொத்தமாகத் துடைக்கும் வரி ஏதாவது இருந்தால் முதலில் அதை எடுங்கள். இரண்டு பேருக்கும் தனித்தனி டேட்டாபேஸ் பெயர் வைத்துவிட்டால் பதிவுகளும் கலக்காது, புரோகிராமும் சுலபமாகும்.